கடவாய்ப் பல் ஃபில்லிங்: ஊசி, அடைப்பு, அதற்குப் பிறகு வரும் கூச்சம்

#1 சாய்வுநாற்காலி

கீழ்க் கடவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவில் சொத்தை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "நரம்பு வரைக்கும் போகலை, காம்போசிட் ஃபில்லிங், அதான் பல் நிறத்து வெள்ளை அடைப்பு, போதும்" என்று சொல்லியாயிற்று. நாற்காலியில் ஏறியதும் என்னென்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், எது சாதாரணம், எதற்குத் திரும்பப் போய் நிற்க வேண்டும்? "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" வகைப் பதில்கள் வேண்டாம். விவரமாகவே சொல்லுங்கள்.

#2 பல்லாங்குழி

இரண்டு பல்லுக்கு நடுவில் என்றால் வேலை கொஞ்சம் கூடுதல். மெல்லும் பரப்பில் மட்டும் இருக்கும் சின்னச் சொத்தை 20, 30 நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கவாட்டுச் சொத்தையில் பல்லின் ஒரு சுவரையே புதிதாக எழுப்ப வேண்டியிருக்கும். 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊசி போடும் இடத்து ஈறைத் துடைத்து மரத்துப்போகும் ஜெல் தடவுவார்கள். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட்டால்தான் அது வேலை செய்யும். தடவிய கையோடு குத்தினால் தடவியும் பயனில்லை. பிறகு ஊசி.

மரத்ததும் ஏரோட்டர். விசில் மாதிரிக் கீச்சென்று கத்தும் அந்தக் கருவிதான் எல்லோரையும் மிரட்டுவது. நிமிடத்துக்கு 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் சுற்று சுழலும். கூடவே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வாய் நிறைய நீர் சேர்வது அதனால்தான். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் சூட்டிலேயே உள்ளிருக்கும் நரம்புக்கூழ் கெட்டுவிடும். பல்லின் கடினமான மேலோடான எனாமலைத் திறந்து சொத்தையை எட்டியதும் மெதுவாகச் சுற்றும் இன்னொரு கருவிக்கு மாறுவார்கள். இது கத்தாது. ஆனால் தாடை எலும்பு முழுக்கக் கடகடவென்று அதிரும். பலருக்கு இதுதான் பிடிப்பதில்லை. மெத்தென்று இருக்கும் சொத்தையைச் சின்னக் கரண்டி போன்ற கைக்கருவியால் சுரண்டியும் எடுப்பார்கள்.

சரியாக மரத்திருந்தால் அழுத்தம் தெரியும், அதிர்வு தெரியும், தண்ணீரின் குளிர்ச்சிகூட உதட்டில் தெரியலாம். சுரீர் என்ற வலி மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்குங்கள். வாயில் கருவி இருக்கும்போது பேச முடியாது, தலையை ஆட்டினால் ஆபத்து. இந்தச் சைகையை ஆரம்பிக்கும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குழி சுத்தமானதும் பாஸ்ஃபாரிக் அமில ஜெல் வைப்பார்கள். 37 சதவீதம் செறிவு, பெரும்பாலும் நீல நிறம். எனாமலில் 15 முதல் 30 விநாடி, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் 15 விநாடிக்கு மேல் போகாமல். கழுவும்போது நாக்கில் பட்டால் புளிக்கும், பயமில்லை. அந்த அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை உண்டாக்குகிறது. அடுத்துப் பூசும் பாண்டிங் திரவம் அதற்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல்தான் காம்போசிட்.

காம்போசிட்டை ஒரே உருண்டையாகத் திணிக்க முடியாது. 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் பொதுவாக 20 விநாடி ஒளி. காரணம் இரண்டு. ஒளி அதற்குக் கீழே சரியாக இறங்காது, அடிப்பாகம் வேகாத மாவு மாதிரி நின்றுவிடும். இன்னொன்று, கெட்டியாகும்போது இந்தப் பொருள் கொள்ளளவில் ஏறக்குறைய 2, 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக வைத்தால் சுருங்கும் வேகத்தில் பல் சுவரை உள்ளே இழுக்கும், அல்லது சுவரை விட்டுப் பிரியும். கடித்தால் சுருக்கென்று குத்துவதும், ஓரத்தில் கசிவு வருவதும் பெரும்பாலும் இங்கே தொடங்குகிற கதை. 4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கக்கூடிய தனி ரகங்களும் இருக்கின்றன. ஆகவே "என் டாக்டர் ரெண்டே தடவைதான் லைட் அடிச்சார்" என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம்.

கடைசியில் வடிவம் கொடுப்பது, கலர் தாள் வைத்துக் கடி பார்ப்பது, மெருகு ஏற்றுவது.

#3 பஞ்சுருளை

பல்லாங்குழி சார் எல்லாம் வரிசையா சொல்லிட்டார். உதவிக்கு நிக்கறவங்க பக்கத்துலேர்ந்து ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்றேன்: ஈரம்.

அமிலம் கழுவினதுலேர்ந்து கடைசி அடுக்கு கெட்டியாகற வரைக்கும் ஒரு சொட்டு எச்சில் உள்ள போகக் கூடாது. ரத்தம் பட்டா இன்னும் மோசம். பட்டுட்டா மறுபடி கழுவி, மறுபடி பாண்டிங் பூசித்தான் தொடரணும். கீழ்க் கடவாய்ப் பக்கம் ஒரு புறம் நாக்கு, மறுபுறம் கன்னம், அடியில எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும். அதனால அந்த அஞ்சு பத்து நிமிஷம் நாக்கைக் கொண்டுபோய் "என்னதான் பண்றாங்க"ன்னு தொட்டுப் பாக்காதீங்க. நாக்குக்கு அந்தப் புத்தி உண்டு, நீங்கதான் அடக்கணும். எச்சில் முழுங்கணும்னு தோணினா வாயை மூடாம முழுங்கப் பழகிக்கங்க. முடியலைன்னா கையைக் காட்டுங்க, உறிஞ்சு குழாயை நகர்த்துவாங்க.

ரப்பர் டேம்னு ஒரு மெல்லிய விரிப்பு இருக்கு. அதுல ஓட்டை போட்டு, வேலை செய்யற பல்லை மட்டும் வெளிய இழுத்து, ஒரு உலோகக் கவ்வியால நிறுத்துவாங்க. கவ்வி ஈறை அழுத்தும், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். தண்ணி தொண்டைக்குப் போகாது, பொடி முழுங்க மாட்டீங்க. மூக்கால மூச்சு விடணும், அவ்வளவுதான். மூக்கடைப்பு பலமா இருந்தா அன்னைக்கே சொல்லிடுங்க, இல்ல தேதியை மாத்துங்க. ரப்பர் ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு லேட்டக்ஸ் இல்லாத விரிப்பும் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லணும்.

உங்களுக்கு நடுப்பக்கச் சொத்தைங்கறதால மெல்லிய உலோகப் பட்டை ஒண்ணை பல்லைச் சுத்தியோ பக்கத்துலயோ வைப்பாங்க. மேட்ரிக்ஸ்னு பேர். புதுச் சுவர் கட்ட இதுதான் சாரம். அது நகராம இருக்க ரெண்டு பல் சந்துல சின்ன மர ஆப்பு, இல்ல பிளாஸ்டிக் ஆப்பு ஏத்துவாங்க. அப்ப பல்லை நெம்பற மாதிரி ஒரு இறுக்கம் வரும். ஈறுல லேசா ரத்தம் கசியும். ரெண்டு மூணு நாள் அந்த இடத்து ஈறு நொந்திருக்கறதும் ஆப்போட வேலைதான், அடைப்போட கோளாறு இல்லை.

#4 சாய்வுநாற்காலி

நன்றி. ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்களே, அது எப்படி? அதுவும் கீழ்ப் பல்லில்தான் அதிகம் என்கிறார்கள்.

#5 முப்பத்திரண்டு

உண்மைதான், காரணமும் உண்டு. மேல் தாடை எலும்பு பஞ்சு மாதிரி. பல்லின் வேர் நுனிப் பக்கம் மருந்தைச் செலுத்தினால் எலும்பு வழியாகவே ஊறிப்போய் 3, 5 நிமிடத்தில் மரத்துவிடும். கீழ்த் தாடையின் பின்பகுதி எலும்பு தடித்தது, அந்த வழி எடுபடாது. அதனால் நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்துக்கே, வாயின் கடைக்கோடிக்குப் பக்கத்தில், ஊசியைக் கொண்டுபோய் மருந்தைச் செலுத்துகிறார்கள். அந்த நுழைவாயில் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அரைகுறையாகத்தான் மரக்கும்.

மருந்து பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன். கூடவே 80,000-க்கு 1 அல்லது 1,00,000-க்கு 1 என்ற அளவில் அட்ரினலின். ஒரு குப்பி 1.8 அல்லது 2.2 மில்லிலிட்டர். ஒன்று போதும், சில நேரம் இரண்டு. அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்க வைக்கிறது. அது ரத்தத்தில் கொஞ்சம் கலந்தால் ஒன்றிரண்டு நிமிடம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதை மருந்து ஒவ்வாமை என்று எண்ணிப் பிறகு எல்லா இடத்திலும் "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று சொல்பவர்கள் ஏராளம். படபடப்பு தானே அடங்கிவிட்டால் அது அட்ரினலின். தடிப்பு, அரிப்பு, முகம் வீங்குவது, மூச்சிறைப்பு இவைதான் ஒவ்வாமை.

இன்னொரு குழப்பம். உதடு மரத்தால் பல்லும் மரத்தது என்று அர்த்தமில்லை. கீழே 10 நிமிடமாவது காத்திருந்து, பல்லின் மேல் குளிர் ஸ்ப்ரே தெளித்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம். கூச்சம் தெரியவில்லை என்றால் ஆரம்பிக்கலாம். தெரிந்தால் இன்னொரு ஊசி, அல்லது பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வில் ஒரு சொட்டு, அல்லது வெளிப்பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்து. "உதடு மரத்துச்சா? சரி, ஆரம்பிக்கலாம்" என்றால், "பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்" என்று நீங்களே கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

நரம்பு ஏற்கெனவே வீங்கி நொந்துபோயிருந்தால் எவ்வளவு போட்டாலும் சரியாக மரக்காது. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மருந்து நரம்புக்குள் நுழையும் வடிவத்தில் குறைவாகவே இருக்கும். அப்படிப்பட்ட பல்லுக்கு ஃபில்லிங்கே போதாமல் போவதும் உண்டு.

பல் ஒரு மணி நேரம்போல மரத்திருக்கும். உதடும் நாக்கும் தெளிய 3 முதல் 5 மணி நேரம். மருந்து போடும்போது நாக்கில் சட்டென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் ஊசி நரம்பை உரசியிருக்கிறது. உடனே சொல்லுங்கள், கொஞ்சம் நகர்த்திப் போடுவார்கள். எப்போதாவது மருந்து முக நரம்புக்குப் போய் அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாமல் ஆகும். பார்க்கப் பக்கவாதம் மாதிரி இருக்கும், வீட்டிலுள்ளவர்கள் பதறிப்போவார்கள். ஊசி போட்ட சில நிமிடத்திலேயே இது தொடங்கும், மருந்து தெளிந்ததும் சில மணி நேரத்தில் போய்விடும். அதுவரை கண் காய்ந்துவிடாமல் மூடிவைக்க வேண்டும். அங்கேயே காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தெளிய வேண்டிய நேரம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ, கை கால் சோர்வோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

மறுநாள் வாய் முழுசாகத் திறக்காமல் இறுகியிருந்தால் ஊசி தசை வழியாகப் போனதன் விளைவு. வெந்நீர் ஒத்தடமும், மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சியும் போதும். நாளுக்கு நாள் தளர வேண்டும். இறுக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள்.

#6 பஞ்சுருளை

இதோட சேத்து: சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட ஊசி போட்டுக்கிட்டுத்தான் பாதிப் பேர் மயங்கறாங்க. சர்க்கரைக்கு மருந்து எடுக்கறவங்க சாப்பாட்டையும் தவற விடாதீங்க, மாத்திரையையும் தவற விடாதீங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஃபில்லிங்குக்காக அதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவா வர்றதில்லை, ஆனா போடறீங்கன்னு சொல்லணும். இதயத்துல செயற்கை வால்வு, ஆஸ்துமா, கர்ப்பம், எந்த மருந்துக்காவது ஒவ்வாமை, எல்லாத்தையும் நாற்காலியில ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

#7 ஈரிலை

இடையில் ஒரு கேள்வி. வெள்ளி அடைப்புதான் உறுதி, வெள்ளை அடைப்பு சும்மா அழகுக்கு என்று ஒரு பேச்சு உண்டே?

#8 பல்லாங்குழி

பாதி சரி. வெள்ளி அடைப்பு என்பது அமால்கம். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், மெல்லுவதைத் தாங்கும், வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் குழி வெட்டினால்தான் உள்ளே பூட்டிக்கொண்டு நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். முழு உறுதி வர 24 மணி நேரம். அன்றைக்கு அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது.

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணத்துக்காகத் தவிர்க்க முடியாத இடங்களைத் தவிர, பல் அமால்கத்தை நிறுத்திவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குக் கூடுமானவரை வேறு பொருள் போடச் சொன்னது. அதே நிர்வாகம், நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பாதரசப் பயத்தால் தோண்டி எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. தோண்டும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும்.

காம்போசிட் ஒட்டும், அதனால் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். பலவீனம் ஈரம். ஈறுக்குக் கீழே இறங்கிய, ரத்தம் நிற்காத ஆழக் குழியில் காம்போசிட் போடுவது ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்கிற கதை.

மூன்றாவது ஒன்று உண்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட். பல்லோடு வேதிமுறையில் ஒட்டும், ஃப்ளோரைடு கசியவிடும். ஈறோரத் தேய்மானத்துக்கும், வேர்ச் சொத்தைக்கும், குழந்தைகளின் பால் பல்லுக்கும் நல்லது. மெல்லும் பரப்பில் பெரிய அடைப்பாகப் போட்டால் தேயும், உடையும். அது சில நிமிடத்தில் கெட்டியான மாதிரி தெரிந்தாலும் முதல் 24 மணி நேரம் நீர் பட்டாலும் காய்ந்தாலும் கெடும். மேலே வார்னிஷோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசி அனுப்புவது அதற்குத்தான். வழவழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று துடைத்து எறிந்துவிடாதீர்கள்.

#9 கல்லும்மண்ணும்

ஆழமான சொத்தையில் அடியில் கொஞ்சம் விட்டுவிட்டே மூடுகிறார்களாமே? அழுக்கை உள்ளே வைத்துச் சுவர் எழுப்புவது என்ன வைத்தியம்? முழுக்கச் சுரண்டி எடுப்பதுதானே முறை?

#10 முப்பத்திரண்டு

முன்பு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது இடத்துக்கு இடம் வேறுபடுத்துகிறார்கள். குழியின் ஓரத்தைச் சுற்றி ஒரு துளி சொத்தைகூட இருக்கக் கூடாது. கருவியால் சுரண்டினால் கரகரவென்று சத்தம் வர வேண்டும். அங்கேதான் அடைப்பு ஒட்டி முத்திரை போட வேண்டும். ஆனால் நரம்புக்கு நேர் மேலே, ஆழத்தில், தோல் மாதிரி இழுத்தால் நாராக வருகிற சொத்தையை ஒரு மெல்லிய படலமாக விடலாம். அதையும் தோண்டினால் நரம்பு திறந்துகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஓரம் இறுக மூடியிருந்தால் உள்ளே சிக்கிய கிருமிக்கு வெளியிலிருந்து சர்க்கரை கிடைக்காது, அது அடங்கிவிடும். பல்லும் உள்பக்கத்திலிருந்து புதிய டென்டினைப் போட்டுத் தடித்துக்கொள்ளும். இதெல்லாம் நரம்பு உயிரோடு, நல்ல நிலையில் இருக்கிற பல்லுக்கு மட்டும்.

#11 கல்லும்மண்ணும்

ஓரம் கசிந்தால் மொத்தக் கதையும் முடிந்ததே?

#12 முப்பத்திரண்டு

முடிந்ததுதான். அதனால்தான் ஓரத்தில் சமரசமே இல்லை என்றேன். நரம்பு ஊசிமுனை அளவு திறந்துகொண்டாலும், ரத்தம் சில நிமிடத்தில் நின்று, அந்தப் பல்லில் அதற்கு முன்பு தானாக வந்த வலி இல்லாதிருந்தால், கால்சியம் ஹைட்ராக்சைடோ கால்சியம் சிலிகேட் சிமென்ட்டோ வைத்து மூடிப் பார்க்கலாம். ரத்தம் நிற்காவிட்டால் பேச்சு, உள்ளிருக்கும் நரம்பை எடுத்துவிடும் ரூட் கேனல் பக்கம் திரும்பும். இது முன்கூட்டியே எக்ஸ்ரேயில் தீர்மானமாகத் தெரிகிற விஷயமில்லை. எக்ஸ்ரே சொத்தையின் அளவைச் சற்றுக் குறைத்தே காட்டும். "ஃபில்லிங்னு சொல்லிட்டு ரூட் கேனல் பண்ணச் சொல்றாங்க" என்ற சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. ஆழமான சொத்தை என்றால் "திறந்த பிறகு மாறுமா?" என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

#13 நீலத்தாள்

யாரும் கடியைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை. ஃபில்லிங் முடிந்து வருகிற தொந்தரவுகளில் எளிதாகத் தீரக்கூடியது இதுதான், ஆனால் ஆட்கள் மாதக்கணக்கில் சுமந்துகொண்டு திரிவதும் இதைத்தான்.

மெல்லிய நீலத் தாளையோ சிவப்புத் தாளையோ பல்லுக்கு நடுவில் வைத்து "கடிங்க, தட்டுங்க, பக்கவாட்டுல அரைங்க" என்பார்கள். எங்கே முதலில் முட்டுகிறதோ அங்கே புள்ளி அழுத்தமாக விழும். நடுவில் வெள்ளையாகவும் சுற்றி நீல வளையமாகவும் இருந்தால் அதுதான் உயர்ந்து நிற்கிற இடம். அதை இம்மியளவு இழைத்து மறுபடி பார்ப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால் பாதி வாய் மரத்திருக்கிறது, நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். படுத்தால் கீழ்த் தாடை சற்றுப் பின்னால் சரியும். மரத்த பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று மூளைக்குத் தெரியாது. "சரியா இருக்கா?" என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். மருந்து தெளிந்த பிறகு சாயங்காலம்தான் தெரியும், அந்தப் பல்லு மட்டும் முந்திக்கொண்டு முட்டுகிறது என்று.

தலைமுடி கனம் உயர்ந்திருந்தாலும் பல் கண்டுபிடித்துவிடும். இரண்டு மூன்று நாள் அதே பல் முழு பாரத்தையும் வாங்கினால் வேரைச் சுற்றியுள்ள சவ்வு நொந்து, தொட்டாலே வலிக்கும், சூடும் குளிரும் சேர்ந்து கூசும். தேய்ந்து தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். போய் 5 நிமிடம் இழைத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஊசிகூட வேண்டாம்.

#14 சாய்வுநாற்காலி

அப்படியானால் கடியால் வரும் வலியையும் உள்ளே நரம்பு கெட்டு வரும் வலியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எத்தனை நாள் பொறுக்கலாம்?

#15 பல்லாங்குழி

வலி "எவ்வளவு" என்பதை விட்டுவிடுங்கள். எதனால் கிளம்புகிறது, கிளம்பினால் எத்தனை விநாடி நிற்கிறது, இந்த இரண்டையும் குறித்து வையுங்கள். டாக்டருக்கும் அதுதான் வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று வந்து, தண்ணீரை விழுங்கியதும் சில விநாடியில் போய்விட்டால் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது. ஆழமான அடைப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்கூட இப்படி இருக்கும். வாராவாரம் குறைந்துகொண்டே வர வேண்டும். 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் கொஞ்சம் உதவும்.

பல்லைக் கிட்டினாலே நோவு, மற்ற நேரம் சும்மா இருக்கிறது என்றால் நீலத்தாள் சொன்ன கடிதான் முதல் சந்தேகம்.

கடிக்கும்போது வலிக்காமல், கடியை விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். ஏதாவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கடினமான பருக்கை சிக்கினால் மட்டும் வரும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இதைப் பிடிக்க ஒவ்வொரு முகடாகக் கடிக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

குளிர் பட்டு அரை நிமிடம் தாண்டியும் விண்விண்ணென்று இழுத்துக்கொண்டே நிற்பது, சூட்டுக்கு வலித்துக் குளிர்ந்த நீருக்கு அடங்குவது, எதுவும் செய்யாமலே கிளம்புவது, படுத்தால் கூடித் தூக்கத்தில் எழுப்புவது: இவை நரம்பு மீளாத நிலைக்குப் போகிற அறிகுறிகள். இதற்குக் காத்திருப்பதில் பலனில்லை. வீக்கம், காய்ச்சல் சேர்ந்தால் அன்றே போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் ஆஸ்பத்திரி அல்ல, அவசரப் பிரிவு.

புது அமால்கம் அடைப்பு உள்ளவர்களுக்கு எதிர்ப்பல்லில் வேறு உலோகம் பட்டால் லேசாக மின்சாரம் சுண்டுகிற உணர்வு வரும். எச்சிலில் இரண்டு உலோகம் சேர்ந்தால் பேட்டரிதானே. கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

#16 ஈரிலை

தற்காலிக அடைப்பு வைத்திருப்பவர்கள், பல் வெண்மையாக்கிக்கொண்டவர்களுக்கு ஏதாவது தனிக் கவனம்?

#17 பல்லாங்குழி

இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கிராம்பு வாசம் வீசும் தற்காலிகச் சிமென்ட்டில் யூஜெனால் இருக்கிறது. அதன் எச்சம் இருந்தால் மேலே போடும் காம்போசிட் சரியாகக் கெட்டியாகாது. சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். வெண்மையாக்கினால் பல்லுக்குள் ஆக்சிஜன் தங்கியிருக்கும், அதுவும் ஒட்டுதலைக் கெடுக்கும். இரண்டு வாரம் இடைவெளி விடுவது வழக்கம். நிறமும் அதற்குள் நிலைபெறும். ஒரு தடவை போட்ட காம்போசிட் பிறகு வெளுக்காது, அதனால் வெண்மையாக்க நினைத்தால் அதை முதலில் செய்துவிடுங்கள். முன்பல் என்றால் நிறம் பார்ப்பதும் வேலை தொடங்கும் முன்பே, பல் ஈரமாக இருக்கும்போதே. அரை மணி நேரம் காய்ந்த பல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து "கலர் மேட்ச் ஆகலை" என்று சண்டை போட வேண்டாம், மறுநாள் கண்ணாடியில் பாருங்கள்.

#18 பஞ்சுருளை

குழந்தைகளுக்கு ஃபில்லிங் பண்றவங்க ஒண்ணு கவனிங்க. மரத்த உதடு அதுங்களுக்கு விளையாட்டுப் பொருள். கடிச்சுக் கடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும், வலிக்காது. சாயங்காலம் உதடு வீங்கிப்போய், மறுநாள் மேல வெள்ளையா மஞ்சளா ஒரு படலம் கட்டும். சீழ்னு நினைச்சு ஆன்டிபயாட்டிக் கேட்டு அலையறாங்க. அது ஆறுகிற புண்ணோட மேல்தோல், ஒரு வாரம், பத்து நாள்ல உதிர்ந்துடும். படலத்தைத் துடைச்சு எடுக்காதீங்க. மரப்பு தெளியற வரைக்கும் கெட்டி ஆகாரம் வேண்டாம், பக்கத்துல ஒருத்தர் இருங்க. பெரியவங்களுக்கும் இதேதான்: கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்காதீங்க, சுட்டதே தெரியாது.

#19 சாய்வுநாற்காலி

கடைசியாக ஒன்று. நடுப்பக்க அடைப்புக்குப் பிறகு சந்தில் சாப்பாடு மாட்டிக்கொள்கிறது என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்களே. அது பழகிவிடுமா?

#20 நீலத்தாள்

பழகாது, பழக்கிக்கொள்ளவும் கூடாது. பக்கத்துப் பல்லோடு புதுச் சுவர் இறுக்கமாகத் தொட வேண்டும். பட்டை சரியாக வளையாமலோ ஆப்பு தளர்ந்தோ இருந்தால் அங்கே ஓர் இடைவெளி விழும். ஒவ்வொரு வாய்க்கும் நார் நாராக உள்ளே இறங்கி ஈறை அழுத்தும், சில மாதத்தில் பக்கத்துப் பல்லிலும் சொத்தை. எதிர்மாறாக, பொருள் ஈறுப் பக்கம் பிதுங்கி விளிம்பு கட்டி நின்றாலும் தொல்லை.

மருந்து தெளிந்த அன்று இரவே பல் நூலை, அதாவது ஃப்ளாஸை, சந்தில் இறக்கிப் பாருங்கள். டக்கென்று ஓர் இறுக்கத்தைத் தாண்டி இறங்க வேண்டும். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கி விழுந்தால் தொடுபுள்ளி இல்லை. இறங்கிய நூல் பிசிறு பிசிறாக நைந்து மேலே வந்தால் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. நூல் இறங்கவே இல்லை என்றால் பாண்டிங் வழிந்து இரண்டு பல்லையும் ஒட்டிவிட்டது. விளிம்பையும் ஒட்டியதையும் அங்கேயே இழைத்துச் சரிசெய்யலாம். இடைவெளிக்கு மட்டும் அந்தப் பக்கத்தை வெட்டி மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

#21 பஞ்சுருளை

நூலை எடுக்கறப்ப நேரா மேல பிடுங்காதீங்க. சந்தேகமா இருந்தா ஒரு முனையை விட்டுட்டு பக்கவாட்டுல உருவிடுங்க. காம்போசிட்டுக்கு ராத்திரி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, லைட் அடிச்சு முடிச்சதும் கெட்டியாயிடுச்சு, காத்திருக்கறது உதடு மரப்பு தெளியறதுக்காகத்தான். கிளம்பறதுக்கு முன்னாடி நாற்காலியை நிமித்தச் சொல்லி, நேரா உக்காந்து ஒரு தடவை கடிச்சுக் காட்டிட்டு எழுந்திரிங்க.